தாயம்மாவின் கேரியரும் பகல் சங்கும்

திருவொற்றியூர்,
வெள்ளத்துரை முதியோர் இல்லம்,
முன்வாசல் பெஞ்சு.

பேரன்புக்குரிய மைத்துனர் அன்புமணிக்கு, உன் அக்காள் தாயம்மாவின் கணவன் அப்பாவு எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. அப்படி எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அவசியமில்லாமல் போய்விடும். ஆகவே நான் நலம், என் முழங்கால் நலமில்லை, உன் அக்காளைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பார்கள். இல்லையென்றால் ராத்திரியிலேயே போன் செய்திருப்பாய். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே மாமா என்று நீ கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய் உன் வீட்டுப் பக்கத்து இல்லத்தில் சேர்க்கிறேன் என்று நீ சொன்னபோது நான் மாட்டேன் என்றேன். இப்போது சரி என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போ. காரணம் ஒன்றே ஒன்றுதான். இந்த இல்லத்தைச் சீர்திருத்திவிட்டார்கள்.

சீர்திருத்துவதற்கு முன் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். வெள்ளத்துரை அண்ணாச்சி பருப்பு மொத்த வியாபாரம் செய்தபோது குடோனாக வைத்திருந்த கட்டடம். குடோன் ஒழுங்கு அப்படியே இருந்தது. காலையில் எல்லாரையும் வெளியே எடுத்து வரிசையாக உட்கார வைப்பார்கள், சாயங்காலம் எடுத்து உள்ளே வைப்பார்கள். ஒருவருக்கும் தொந்தரவில்லை. அப்போதுதான் ஏதோ ஒரு அறக்கட்டளையிலிருந்து மகிழினி என்ற பெண் வந்து சேர்ந்தாள். முதியோர் இல்லங்களை வயதானவர்களுக்கும் மறதி நோய்க்காரர்களுக்கும் தோதாக மாற்றக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. முதலில் கழிவறைக் கதவுக்குப் பளீரென்று மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னாள். மஞ்சள் என்றால் கழிவறை என்று மனதில் நின்றுவிடுமாம். நின்றுவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மீந்த பெயின்ட் வீணாகக் கூடாது என்று அண்ணாச்சி ஸ்டோர் ரூம் கதவுக்கும் அதையே அடித்துவிட்டார். அரிசி மூட்டைகளுக்கு என்ன ஆனது என்று நான் எழுத விரும்பவில்லை. அடுத்து, ஹாலில் இருந்த கண்ணாடி. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் அதில் தெரியும் கிழவரோடு தினமும் சண்டை போடுகிறார் என்று அதைக் கழற்றினார்கள். இப்போது அவர், அந்தக் கிழவர் எங்கே, உடம்புக்கு முடியவில்லையா என்று எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கதவு, கண்ணாடியோடு விட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். சொந்தக்காரர்களுக்கும் வகுப்பு வைத்தார்கள். மறதி நோய்க்காரர்கள் சொல்வதை நாம் திருத்தக் கூடாதாம். "அவங்க எந்தக் காலத்துல இருக்காங்களோ, அங்க நீங்க போய்ப் பேசுங்க சார்" என்றாள் மகிழினி. நான் டைம் ஆபீசில் உட்கார்ந்து, எவன் எப்போது உள்ளே வந்தான், எப்போது வெளியே போனான் என்று பதிந்தே தலை நரைத்தவன். லேட் என்றால் லேட். அவனவன் இருக்கும் காலத்துக்கு நான் போயிருந்தால் தொழிற்சாலையில் ஒருவனுக்கும் அரை நாள் பிடித்தம் போட்டிருக்க முடியாது. ஆகவே உன் அக்காள் "யாரு நைனா நீ?" என்று கேட்கும்போதெல்லாம், "நான்தான் உன் புருசன் அப்பாவு, எனக்கு ரிட்டயர் ஆயிடுச்சு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவந்தேன். அவள் ஒவ்வொரு முறையும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத கிழவன் வந்து நான்தான் உன் புருசன் என்றால் குடும்பப் பெண் வேறு என்ன செய்வாள்? இருந்தாலும் உண்மை உண்மைதானே.

சங்கு விஷயத்தில் என் பெயரும் அடிபடும் என்பதால் நானே முந்திக்கொண்டு எழுதிவிடுகிறேன். இவர்களுக்குப் பழகிய சத்தம் ஏதாவது இருந்தால் அதை வைத்துச் சாப்பாட்டு நேரத்தைப் புரியவைக்கலாம் என்று மகிழினி கேட்டாள். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை, மீதிப் பேர் துறைமுகம், பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப். ஷிஃப்டுக்கு ஊதும் சங்குதான் சரி என்று யாரோ சொன்னார்கள். சரி, நான்தான் சொன்னேன். அண்ணாச்சி தயங்கினார். "சங்குன்னு சொல்லாதீங்க சார். வயசானவங்க இருக்க எடத்துல சங்கு ஊதுதுன்னா எவன் கொண்டு வந்து சேப்பான்? அபசகுனமால்லா இருக்கு" என்றார். சைரன் என்று பெயரை மாற்றியதும் சம்மதித்து, கொருக்குப்பேட்டை காயலான் கடையிலிருந்து கையால் சுற்றும் பழைய சைரன் ஒன்றை வாங்கி வந்தார். அது ஊதினால் பேசின் பிரிட்ஜில் எஞ்சின் நின்று திரும்பிப் பார்க்கும்.

முதல் நாள் மத்தியானம் ஊதினார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தால்தான் எழுந்திருக்கிறவர்கள்கூடத் தாங்களாக எழுந்தார்கள். மகிழினி சந்தோஷமாகத் தட்டுகளைப் பரப்பி வைத்தாள். எல்லாரும் சாப்பாட்டு மேசையைத் தாண்டி நேராக முன் கேட்டுக்குப் போய் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்கள். கணினிக் கம்பெனியில் வேலை செய்யும் உனக்கு இது தெரிந்திருக்காது. ஷிஃப்ட் விட்டு வெளியே வருகிறவன் இடுப்பில் பித்தளைத் துண்டு, நட்டு, போல்ட்டு ஏதாவது போகிறதா என்று கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். கை தூக்காதவன் வீட்டுக்குப் போக முடியாது. வாட்ச்மேன் உசேன் மரியாதை தெரிந்தவர். இத்தனை பெரியவர்கள் கை தூக்கி நிற்கும்போது சும்மா இருப்பது சரியில்லை என்று ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார். ஸ்பூன்கள், சோப்பு, அடுத்த கட்டில்காரரின் பல்செட், அண்ணாச்சி பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த டிவி ரிமோட் எல்லாம் வந்தன. ரிமோட்டுக்காகத் திட்டு வாங்கிய நர்சுகள் அன்று முதல் சங்குக்குப் பெரிய ஆதரவாளர்கள் ஆகிவிட்டார்கள்.

கூட்டம் கேட்டில் சேர்ந்துவிட்டதா, சங்கமும் வந்துவிட்டது. செங்கொடி என்று ஒரு அம்மாள் இருக்கிறார், தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெண்கள் சங்கத் தலைவியாக இருந்தவர். பெற்ற மகன் பெயர் நினைவில்லை. கேட் மீட்டிங் எப்படி நடத்துவது என்பது நினைவிருக்கிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "தோயர்களே, நம்மள இன்னான்னு நெனச்சிகினு கீறாங்க? செல்லம், தங்கம்னு கன்னத்தக் கிள்றாங்க. நாம இன்னா கொயந்தையா? பேரு கீதில்ல, பேர சொல்லிக் கூப்புடு. பச்சத் தண்ணில குளிப்பாட்டாத. உப்புமாவுக்கு உப்பு போடு. அதுவரிக்கும் ஒருத்தரும் உள்ள போவ மாட்டோம்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அண்ணாச்சியே மறந்துபோய் இரண்டு தட்டு தட்டினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, நீங்கள் தொழிற்சாலையில் நிர்வாகத்தோடு இருந்தவர், பேசித் தீர்த்துவையுங்கள் என்றார். போனேன். செங்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்து, "டைம் ஆபீசு ஆளா? மொதல்ல எங்க அரை நாளு பிடிச்சத திருப்பிக் குடு, அப்பால பேசு" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் மகிழினி மூன்று கோரிக்கையையும் ஒப்புக்கொண்டு அண்ணாச்சியைக் கையெழுத்துப் போடவைத்தாள். டீ வருவதற்குள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் ஒப்பந்தம் போட்டதும் நிர்வாகம்தான் மறக்கும். இங்கே தொழிலாளர்கள் மறந்துவிட்டார்கள், நிர்வாகம் மறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வெந்நீர் வந்தது, உப்புமாவில் உப்பு இருந்தது, எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இப்படியொரு வெற்றி எங்கள் பக்கத்து எந்தச் சங்கத்துக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் ஊர்க்கதை. உன் அக்காள் கதைதான் நான் எழுத வந்தது. அவளை இங்கே கொண்டு வந்து சேர்த்து நானும் கூடவே தங்கியது எதற்கு என்று உனக்கு நினைவிருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மத்தியானச் சங்குக்கு எனக்குக் கேரியர் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றவள். நான் ரிட்டயர் ஆன பிறகும் ஒரு நாள் கேரியரோடு கிளம்பி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் நின்றாள். ஒரு லாரிக்காரர் இறங்கிக் கையைப் பிடித்து ஓரத்தில் உட்கார வைத்ததால் பிழைத்தாள். இப்போது, கைக்குப் பழகிய பொருள் ஒன்று கொண்டுவாருங்கள் என்று மகிழினி கேட்டபோது, அந்தக் கேரியரை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். சங்கும் என்னுடையது, கேரியரும் என்னுடையது. பலன் என்ன என்றால், அவள் தன் சோற்றை எல்லாம் கேரியரில் போட்டுக்கொண்டு, சங்கு ஊதியதும் கேட்டுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். "சாப்பிடு தாயம்மா, நான்தான் இங்கே இருக்கிறேனே" என்றால், "தள்ளி நில்லு நைனா, எங்க வூட்டுக்காரரு வர்ற நேரம். அவரு துன்னாம நான் எப்டித் துன்றது?" என்கிறாள். ஆதார் அட்டையைக் காட்டினேன். படத்தைப் பார்த்து, "இது உன் அப்பாவா?" என்று கேட்டாள். வெயில் சாயும்வரை நின்றுவிட்டு, கேரியரைத் திறக்காமலே கொண்டுபோய் வைத்துவிடுகிறாள். மத்தியானச் சோறு அவள் வயிற்றுக்குப் போவதே இல்லை. ராத்திரியிலும் கொறிக்கிறாள், அவ்வளவுதான். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. சங்கை நிறுத்திப் பார்த்தார்கள். ஊதவில்லையே என்று காலையிலிருந்தே கேட்டில் போய் நின்றாள். மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே யோசித்து முடிவு செய்துவிட்டேன். கோயம்புத்தூரில் சங்கு இல்லை, இந்த ரோடு இல்லை, என்னைப் போல் ஒருவன் பக்கத்தில் நின்று நச்சரிக்கப்போவதும் இல்லை. அங்கே இருந்தால் ஒருவேளை சாப்பிடுவாள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். தனியாக என்ன செய்வீர்கள் மாமா என்று கேட்காதே. அவளுடைய சேலைகளை மடித்து வைத்திருக்கிறேன். கேரியரை மட்டும் அனுப்பமாட்டேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் வாழ்த்து. பெரியவன் பரீட்சையில் தேறட்டும், சின்னவள் சளி விலகட்டும், உன் வீட்டுக் கடன் சீக்கிரம் அடையட்டும். உங்கள் அனைவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்பும்,

உன் அக்காள் கணவன்,
அப்பாவு

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பிறகு ஏன் அனுப்புகிறீர்கள் என்று நீ கேட்டால், உறையில் ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை. ஓரம் கிழிந்திருப்பது இதை எழுதுவதற்காக நான் பிரித்ததால்.

நடந்தது இது. கடிதத்தைப் போடத் தபால் பெட்டிவரை நடந்தேன். அங்கே போன பிறகுதான் உன் பின்கோடு எழுதவில்லை என்று தெரிந்தது. எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மறதி நோயைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படி ஆகிவிட்டதே என்று, டைரியைப் பார்க்கத் திரும்பி வந்தேன். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி முழுக்க என் தலையில். கேட்டுக்குள் காலை வைத்தபோது சங்கு ஊதி வெகு நேரம் ஆகியிருந்தது. உன் அக்காள் கேரியரோடு எதிரே நின்றாள். என்னைப் பார்த்தாள். "இன்னாய்யா இம்மா நேரம்? சோறு ஆறிப் பூட்ச்சி. டைம் ஆபீசுல குந்திகினு கீறவன் தலையில எப்டிய்யா இம்மாம் புய்தி?" என்றாள்.

இத்தனை நாளாக நான் கேட்டுக்கு உள்ளேயே நின்றிருக்கிறேன், மச்சான். வெளியே போனவன்தானே வர முடியும். "மிஷின் ரிப்பேரு, அதான் லேட்டு" என்றேன். லேட்டுக்கு நான் சொன்ன முதல் பொய்க் காரணம் அதுதான். அவள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். நான் டைம் ஆபீசில் ஒருவனிடமும் அப்படி ஏற்றுக்கொண்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தாள். நான் முதல் வாய் வைத்ததும், பழைய வழக்கப்படி, அடித்தட்டை எடுத்துவைத்துக்கொண்டு அவளும் சாப்பிட்டாள். வழித்துச் சாப்பிட்டாள். ஆகவே நாளையிலிருந்து எனக்குப் பகல் ஷிஃப்ட். சங்குக்கு முன் எதிர்க்கடையில் போய் நின்றுகொள்வேன். ரிட்டயர் ஆன பிறகு லீவே எடுக்க முடியாத வேலை ஒன்று கிடைத்திருக்கிறது.

எழுந்திருக்கும்போது மேல்மூடியை என் கையில் கொடுத்தாள். அதில் கொஞ்சம் சோறு தனியாக இருந்தது. "இங்க ஒரு பெர்சு டெய்லி எம் பக்கத்துலயே நின்னுகினு கீது. நான்தான் ஒம் புருசன்னு சொல்லிகினே கீது. மொதல்ல எனக்குப் பேஜாராத்தான் இருந்துச்சி. அப்பால பாவமாப் பூட்ச்சி, அதுக்கு யாரும் இல்ல போலக்குது. இன்னிக்கி காணோம். பாத்தன்னா இத்த குட்த்துடு" என்றாள்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். அந்தப் பெரியவரைக் காணவில்லை. அவருடைய பங்கையும் நானே சாப்பிட்டேன்.