பேச்சுக்காலில் வந்த முகம்

மங்கையற்கரசியின் இடப்பக்கத்துப் புருவம் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அவளுடைய முகத்தில்தான் இருந்தது. ஒன்றேகாலுக்கு அவளுடைய புருசன் இரத்தினவேலர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்க்கிறார், புருவத்தைக் காணவில்லை.

“எங்கயடி கொம்மாவின்ர புருவம்?”

“உள்ளுக்குள்ள இருக்கப்பா,” என்றாள் மகள் கஜனி, தலையைத் திருப்பாமலே. “பசை பூசி அமத்திப்போட்டு மேல கிறீம் பூசி மறைச்சிருக்கிறன். இனித்தான் புதுசாக் கீறவேணும்.”

அவள் கையில் இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடதாசி ஒட்டுகிற குச்சிப் பசை. இரத்தினவேலருக்கு உச்சியில் ஏறியது.

“கொம்மா என்ன சித்திரக் கொப்பியோ? ஒட்டுறாய், அழிக்கிறாய், கீறுறாய்!”

“நீங்கள் அங்கால போய் இருங்கோ,” என்றாள் மங்கையற்கரசி. கிறீம் காய்கிறதால் வாயை அசைக்காமல் பல்லுக்குள்ளால் சொன்னாள். அப்படிச் சொன்னது அவருக்குக் கோபத்தைத்தான் கூட்டியது.

கஜனிக்கு நாற்பத்திமூன்று வயது. இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து, பிறம்ரன் நகரத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பதினாறு வருசம் பெட்டி கட்டினாள். பங்குனியில் ஆட்களைக் குறைத்தபோது இவளையும் குறைத்துவிட்டார்கள். வீட்டில் குந்தியிருக்காமல் முக அலங்காரம் படிக்கப் போனாள். இன்றைக்கு அதன் கடைசிச் சோதனை. பழைய காலத்துக் குடும்பப் படம் ஒன்றை எடுத்து, அதில் இருக்கிற அலங்காரத்தை உயிரோடு இருக்கிற ஒரு முகத்தில் அப்படியே கொண்டுவர வேண்டும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து மணிக்கு முன்னம் அனுப்பவேண்டும். இதில் சறுக்கினால் சான்றிதழ் இல்லை, அடுத்த மாதம் தருகிறோம் என்று சொன்ன வேலையும் இல்லை.

வீட்டில் இருந்த ஒரே பழைய படம் இரத்தினவேலரின் பேர்சுக்குள் இருந்தது. மற்றதெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. இது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தினாலில் கலியாணப் பேச்சுக்காலோடு வந்த படம். அப்போது அவர் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போக நேரமில்லை. தரகர் லொறியடிக்கு வந்து படத்தை நீட்டினார். இவர் மிதிபலகையில் நின்றபடி பார்த்தார். வில்லுப்போல மெல்லிய புருவம், வாலிட்ட கண், கன்னத்தில் ஒரு மினுக்கம். “ஓம் எண்டு சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தவர், கிளிநொச்சி தாண்டும்வரை கியர் மாற்ற மறந்துபோனார்.

மணவறையில் பொம்பிளை தலையை நிமிர்த்தியபோது பார்த்தால், புருவம் தடிப்பு. கண்ணில் வாலும் இல்லை, தலையும் இல்லை.

“ஸ்ரூடியோவில பவுடர் போட்டு எடுத்த படம், அப்பிடித்தான் இருக்கும்” என்று பெரியம்மா காதுக்குள் சொன்னாள். அன்றைக்குத் தொடங்கிய கோபம். ஸ்ரூடியோக்காரன் பென்சிலால் முகம் கீறித் தன்னை ஏமாற்றிப்போட்டான் என்பது அவருடைய வழக்கு. கறியில் உப்புக் கூடினால் அந்தப் படம் பேர்சிலிருந்து வெளியே வரும். பேருந்து பிந்தினாலும் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிசன், ஆனால் இந்த வழக்கை ஐம்பத்தொரு வருசமாய் ஒரு தவணை விடாமல் நடத்திக்கொண்டு வந்தார். எதையும் நம்பாத ஆள் அவர். பால் பெட்டியில் போட்ட திகதியை நம்பமாட்டார், வங்கி மெசினை நம்பமாட்டார், வானிலை வாசிக்கிற பெட்டையை நம்பவே மாட்டார். ஷெல்லடிக்குள் ஓடினபோதும் அந்தப் படத்தை மட்டும் விடவில்லை. கேட்டால், “அது சாட்சிப் பொருள்” என்பார்.

நேற்று கஜனி படத்தைக் கேட்டபோது அவர் சிரித்தார்.

“உந்த முகம் உவளுக்கு வராது. ஆயிரம் பேர் வந்து பூசினாலும் வராது.”

“வந்தால்?” என்று குசினிக்குள் இருந்து மங்கையற்கரசி கேட்டாள்.

“வந்தால், நான் சொன்னது பிழை எண்டு சொல்லி மன்னிப்புக் கேக்கிறன்.”

“வீடியோ எடுப்பன்,” என்றாள் கஜனி.

“எடு! ஆருக்குப் பயம்?”

அந்த மனிசன் பிறந்து எழுபத்தாறு வருசத்தில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. லொறியை ஒரு கோயில் மதிலோடு மோதினபோதும் மதில் நின்ற இடம் பிழை என்றுதான் வாதாடினவர்.

இதற்கு நடுவரும் வைத்தாயிற்று. ஊரில் மங்கையற்கரசியோடு ஒரே ஒழுங்கையில் வளர்ந்த தோழி அருள்நாயகி. நாற்பது வருசம் ஜேர்மனியில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் மகனோடு இருக்க வந்தவள். கழுத்தளவு வெட்டிய நரைமயிர், தடித்த கண்ணாடி, இரண்டு தாடை. சோபாவில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டபடி எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பே இரத்தினவேலருக்குப் பிடிக்கவில்லை.

“தங்கச்சி, நீங்கள் இவவோட ஒண்டாப் படிச்சனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ, அந்த நாளில இவவுக்கு உந்தப் புருவம் இருந்ததோ?”

“ஐயோ அண்ணை, அம்பது வருசத்துப் புருவத்தை நான் எங்க கண்டன்?” என்று சொல்லி அவள் ரோல்ஸைக் கடித்தாள்.

கஜனி இடப்புருவத்தைக் கீறி முடித்தாள்.

“உது மேல ஏறிப்போச்சு,” என்றார் இரத்தினவேலர்.

“சரி, மற்றதையும் ஏத்திவிடுறன்.”

ஏற்றினாள். இப்போது இரண்டு புருவமும் நெற்றியின் நடுவில் நின்றன.

“இப்ப பேய் கண்டவள் மாதிரி இருக்கு.”

“ஐம்பத்தொரு வருசமா ஒவ்வொரு நாளும் காணுறன்தானே,” என்றாள் மங்கையற்கரசி.

அருள்நாயகிக்குப் புரைக்கேறியது. இரத்தினவேலர் கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தார்.

அடுத்தது சொண்டு. படம் கறுப்பு வெள்ளை, சொண்டு என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? கஜனி சிவப்புப் பூசி, போனில் கறுப்பு வெள்ளையாய் எடுத்துப் பார்த்தாள்.

“கரி சப்பின மாதிரி எல்லோ கிடக்கு!”

துடைத்துவிட்டு மெல்லிய நிறம் பூசினாள். போனில் வாயே இல்லை.

“உது நல்லாயிருக்கு. உதை அப்பிடியே விடு,” என்றார் இரத்தினவேலர்.

“அப்பா, எனக்கு ரைம் போகுது! உதவி செய்யாட்டியும் பரவாயில்லை, உபத்திரவம் செய்யாதையுங்கோ!”

“நானோ உபத்திரவம்? அந்த நாளில உப்பிடிக் கொஞ்சமாவோ பவுடர் போட்டவை? அள்ளிப் போட்டவை. படத்தைப் பார், மா பூசின மாதிரி.”

அவள் பதகளிப்பில் அதையும் நம்பி அள்ளிப் போட்டாள். மங்கையற்கரசி ஒருக்கால் தும்ம, மேசை, சோபா, அருள்நாயகியின் கண்ணாடி எல்லாம் வெள்ளை. முகம் புதுச்சுவர் போல நின்றது. இரத்தினவேலரின் மனம் துள்ளியது. ஆனால் அவருடைய சந்தோசமும் ஏச்சாகத்தான் வெளியே வரும்.

“எனக்கு அப்பவே தெரியும்! படிப்பாம் படிப்பு! களவாய்க் கீறின முகத்தை ஆரால கொண்டுவர ஏலும்? கண்ணைப் பார். உந்தப் பென்சில் அந்த நாளில எங்க இருந்தது? விளக்குக் கொளுத்தி, தட்டைக் கவிட்டுப் பிடிச்சுக் கரி எடுத்து, விளக்கெண்ணெயில குழைச்ச மை அது. அது இல்லாமல் அந்தக் கண் வராது. போ, போய்ப் படு!”

அவள் கைவிட்டுவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் கஜனி அவருடைய மகள். சாமியறைக்குப் போய் விளக்கை எடுத்தாள். கெதியாய்க் கரி வரட்டும் என்று கைநிறையக் கற்பூரமும் எடுத்தாள். குசினியில் கொளுத்தி மேலே சில்வர்த் தட்டைப் பிடித்தாள்.

கரி வந்தது. அதைவிட நாலு மடங்கு புகையும் வந்தது. கூரையில் இருந்த புகைமணி கீக்கீக்கீ என்று கத்தத் தொடங்கியது.

“அப்பா, ஜன்னலைத் திறவுங்கோ!”

கார்த்திகை மாதக் குளிருக்கு ஜன்னலைத் திறப்பதாவது! அவர் நேரே போய் வாசல் கதவை மலக்கத் திறந்து, துவாயால் புகையை வெளியே விசிறினார்.

“ஐயோ, அந்தக் கதவு வேண்டாம்!” என்று கஜனி கத்தி முடிக்கவில்லை, புகை மாடியின் பொது நடைபாதைக்குள் போய் அங்கிருந்த பெரிய மணியைத் தட்டிவிட்டது. இனி அந்த வீட்டு மணி மட்டுமில்லை. பதினாலு மாடியும் ஊளையிட்டது. டோர்செட் பார்க் பகுதி முழுக்கக் கேட்டிருக்கும். எல்லோரும் படியால் இறங்கிக் கீழே போகச்சொல்லி ஒலிபெருக்கி சொன்னது.

ஆறு மாடி. பழைய நைலெக்ஸ் சேலையும் வெள்ளை முகமுமாய் மங்கையற்கரசி இறங்க, மூன்றாம் மாடியில் ஒரு சீனக் கிழவர் இவளைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார். இரண்டாம் மாடியில் வேர்த்தது. பவுடர் கரைந்து வழிந்தது. அவள் தலைப்பால் துடைத்துத் துடைத்து இறங்கினாள். கஜனி ஒரு கையில் அலங்காரப் பையும் மற்றக் கையில் கரித்தட்டுமாய், “ஐஞ்சு மணி, ஐஞ்சு மணி” என்று அழுதுகொண்டு பின்னால் வந்தாள்.

கார் தரிப்பிடத்தில் முந்நூறு சனம். பாதிப் பேர் வீட்டுச் செருப்போடு நின்றார்கள். கட்டிடம் பராமரிக்கிற ஆள், நடைபாதைக் கதவைத் திறந்துவிட்ட மடையன் யார் என்று இங்கிலீசில் கத்திக்கொண்டு திரிந்தான். இரத்தினவேலர் வானத்தைப் பார்த்தார்.

“எல்லாம் போச்சு,” என்றாள் கஜனி. “வேலையும் போச்சு. உங்களுக்குச் சந்தோசம்தானே அப்பா?”

அவர் அவளுடைய தலையைத் தடவக் கையை நீட்டினார். ஆனால் வாய் பழகின வழியிலேயே போனது. “நான் சொன்னனான்தானே, வராது எண்டு.”

மங்கையற்கரசி கார் முட்டாமல் போட்டிருந்த கொங்கிறீட் கட்டையில் போய் இருந்தாள். “அழுதது காணும் பிள்ளை. கரியைக் கொண்டா,” என்றாள்.

கஜனி மூக்கைத் துடைத்துக்கொண்டு குந்தினாள். எண்ணெய் இல்லை. சொண்டுக்குப் போடுகிற களிம்பில் கரியைக் குழைத்துச் சுண்டுவிரலால் கண்ணுக்கு வாலிட்டாள். வேர்வையில் வழிந்த புருவத்தைத் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் மெல்லிசாய்க் கீறினாள். அழித்துத் திருத்த நேரமில்லாதபடியால் கை நடுங்கவில்லை. துடைத்த பவுடரில் மிஞ்சினது தோலோடு படிந்து கிடந்தது. சொண்டில் ஒட்டியிருந்த இரண்டு நிறமும் கலந்து மூன்றாவதாய் ஒரு நிறம் வந்திருந்தது. மேலே சாம்பல் நிற வானம், மெல்லிய தூறல். கன்னத்தில் ஈரம் மினுங்கியது.

“அம்மா, கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்கோ. நாடியைத் தூக்குங்கோ.”

போன் ஒருக்கால் மின்னியது. கஜனி அதைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்தினாள்.

“அப்பா, உங்கட சாட்சிப் பொருளை எடுங்கோ.”

அவர் பேர்சைத் திறந்து படத்தை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துப்போட்டு இன்னொருக்கால் பிடித்தார். அதே வில்லு, அதே வால், அதே மினுக்கம். சுருக்கத்தைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. லொறி மிதிபலகையில் நின்று பார்த்த அதே முகம், கொங்கிறீட் கட்டையில் இருந்து அவரைப் பார்த்தது.

“அருள், நீதான் நடுவர். சொல்லு,” என்றாள் மங்கையற்கரசி.

அருள்நாயகி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. “அச்சொட்டு அப்பிடியே இருக்கு,” என்றாள் மெதுவாய்.

பக்கத்தில் நின்ற தமிழ்ச் சனம் கூடிவிட்டது. “அங்கிள், சொன்ன சொல்லைக் காப்பாத்துங்கோ” என்று யாரோ விசயம் தெரியாமலே கத்தினார்கள். கஜனி வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

இரத்தினவேலர் தொண்டையைச் செருமினார். கோபத்தைத் தேடிப் பார்த்தார், ஐம்பத்தொரு வருசத்தில் முதல்தரம் அது இருந்த இடத்தில் இல்லை.

“மங்கை,” என்றார். “அந்த ஸ்ரூடியோக்காரன் களவு செய்யேல்லை. அது உன்ர முகம்தான். நான்தான் சரியாப் பார்க்கேல்லை. இவ்வளவு காலமும் உன்னை ஏசினது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்.”

சனம் கைதட்டியது. மங்கையற்கரசி தலையைக் குனிந்தாள். கண்மை கரையப்போகிறதே என்று கஜனி பதறினாள். நாலு மணி நாற்பதுக்குப் படம் இரண்டும் போய்ச் சேர்ந்தன. நாலு ஐம்பதுக்கு ஆசிரியையிடமிருந்து மறுமொழி வந்தது, முழுப் புள்ளி. மணியும் நின்றது. சனம் நடுங்கிக்கொண்டு உள்ளே போகத் தொடங்கியது.

இரத்தினவேலர் படத்தைத் தூறல் படாமல் நெஞ்சோடு துடைத்து, இனி இதை வழக்குக்கு எடுப்பதில்லை என்று முடிவெடுத்துப் பேர்சுக்குள் வைத்தார். வாழ்க்கையில் முதல்தரம் ஒரு விசயத்தை முழுசாய் நம்பியதில் உடம்பு இலேசாக இருந்தது. இரண்டு அடி முன்னால் நடந்தார். பின்னால் அருள்நாயகி தோழியின் தோளில் இடித்து இரகசியமாய்ச் சொல்வது கேட்டது:

“எடி மங்கை, மனிசன் மன்னிப்பும் கேட்டிட்டுது, இனியாவது அண்டைக்குத் தரகருக்குக் குடுத்த என்ர படத்தை வாங்கித் தாவனடி.”