ஒன்பதாவது குழியில் ஒரு மஞ்சள்

ஒன்பதாவது குழியின் ஓரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல் மஞ்சளாகிக் கிடந்தது. கோல்ஃப் மன்றத்தின் செயலாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் எதையும் பார்க்காமல் நின்றார்.

பத்தரைக்குத் தேர்வுக் குழு வருகிறது. பெரிய கோல்ஃப் போட்டியை நடத்த, கடைசியில் மிஞ்சியவை இரண்டே மைதானங்கள்: இதுவும், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதும். போட்டி இங்கே கிடைக்காவிட்டால் செயலாளர் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார் என்று உறுப்பினர்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள்.

"சார், நேத்து விளையாட வந்தவங்க..." என்று ஆரம்பித்தாள் பையக்கா. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பதால் வந்த பெயர்.

"நேத்துக் கதை நாளைக்கு! மச்சான், பச்சை பெயிண்ட் எடு!"

தலைமைத் தோட்டக்காரனான, செயலாளர் மனைவியின் தம்பி பெயிண்ட் அடித்தான். தட்டு கிளிப் பச்சையில் பளபளத்தது.

"என்னடா, சட்டைல ஒட்டுப்போட்ட மாதிரி தனியா தெரியுது?"

"முழுசா அடிச்சா தெரியாது மாமா."

முழுசாக அடித்தான். கொடிக்கம்பத்தின் கால், வழியில் வந்த ஒரு நத்தை, எல்லாம் பச்சையாயின.

"காயுமா?"

"காஞ்சிடும். யாரும் தும்மாம இருந்தா போதும்."

செயலாளர் மூச்சைக்கூட அளந்து விட்டார். சரியாகப் பத்து மணிக்கு, தினமும் போல, தண்ணீர்க் குழாய்கள் தாமாகத் திறந்துகொண்டு பீய்ச்சியடித்தன.

"நிறுத்துடா!"

"சாவி உங்க மேசைலதானே மாமா இருக்கு!"

அவர் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வருவதற்குள், பச்சை வெள்ளம் சரிவில் இறங்கி பந்து மாட்டிக்கொள்ளவென்றே வெட்டியிருந்த வெள்ளை மணல் பள்ளத்தை நிரப்பியிருந்தது. மஞ்சள் தட்டு மட்டும் குளித்து முழுகியது போல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சார், நான் சொல்ல வந்தது..."

"அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வாயைத் திறக்காதீங்க!"

குழுவினர் மூன்று பேர் வந்தார்கள். தலைவரின் வெள்ளைச் செருப்பு மணலில் புதைந்து பச்சையாக மேலே வந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார்.

"இங்கேயுமா?" என்றார் கடைசியில். குறிப்பேட்டை மூடிவிட்டு நடந்தார்.

செயலாளர் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். "எல்லாம் அந்த மஞ்சளால வந்தது."

"இப்பவாச்சும் சொல்லட்டுமா சார்?" என்றாள் பையக்கா. "நேத்து சத்தமில்லாம விளையாடிட்டுப் போனது இவங்க மூணு பேருதான். அந்த மஞ்சளைத் தடவிப் பார்த்துட்டு, 'பெயிண்ட் அடிச்சு ஏமாத்தாத மைதானம் இது ஒண்ணுதான், இதையே முடிவு பண்ணிடலாம்'னு கை குலுக்கிக்கிட்டாங்க."