நிலவுக்கு ஓர் ஊக்கு

தெருவிளக்கின் வெளிச்சம் நேராகக் கேமராவுக்குள் விழுந்துகொண்டிருந்தது. கீழ்வானில் நிலவு ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. மொட்டைமாடியில் நின்ற எவரிஸ்தோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மெக்சிகோவின் ஓஹாகா மலையடிவாரத்தில் அந்த ஊருக்கு அவன் ஒருத்தன்தான் புகைப்படக்காரன். ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானப் படம் எடுத்து எடுத்துச் சலித்துப்போனவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வீட்டுச் சுவரில் மாட்டத் தனக்கென்று ஒரு படம் இல்லை. இந்தக் கிரகணத்தில் சிவக்கப்போகும் நிலவையாவது மாட்டிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வெளிச்சத்தை மறைக்க, கறுப்பு மேசைவிரிப்பைத் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டான். காற்று அதைத் தூக்கியது. துணிக்கொடியிலிருந்த கிளிப்புகளைப் பிடுங்கி மாட்டினான். கிளிப் போன துணி சும்மா இருக்குமா? மனைவி ஹசிந்தா துவைத்துப் போட்ட போர்வை மெல்ல எழும்பி, மிதந்து, அடுத்த வீட்டு வான்கோழிகளின் மேல் இறங்கியது. அவை போட்ட கூச்சலில் நாய்கள் ஊளையிட்டன. நாய் ஊளையிட்டால் நிலவுக்கு ஆபத்து முற்றிவிட்டது என்று அர்த்தம். சத்தம் போட்டு நிலவைக் காப்பாற்ற, ஊரே தட்டும் சட்டியும் தேடி விளக்கைப் போட்டது. ஒரு விளக்கு தொல்லை என்றவனுக்கு இப்போது ஊரெல்லாம் தீபாவளி.

கிளிப்புகளும் நிற்கவில்லை. ஓர் ஊக்கு இருந்தால் போதும் என்று கீழே ஓடினான். ஹசிந்தா கட்டிலில் படுத்திருந்தாள். அவள் இடுப்பில் ஊக்கு மின்னியது.

"அதக் கொஞ்சம் கழட்டிக் குடு."

"பாவாடைக் கொக்கி அறுந்துபோச்சு. குடுக்க முடியாது."

"சோளக் கொழுக்கட்டையா உள்ள தள்ளுனா கொக்கி என்ன பண்ணும், பாவம்."

வழக்கமாக இதற்கு ஒரு கரண்டியாவது பறந்து வரும். இன்று அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருவுக்கு வந்தான். நிலவு முழுக்கச் சிவந்து, பழுத்த கொய்யாவைப் பிளந்துவைத்த மாதிரி மலைமேல் தொங்கியது. கூரைகள், மரங்கள், நாய்கள் எல்லாம் அந்தச் செவ்வொளியில் நனைந்து வேறு ஏதோ ஊர்போலத் தெரிந்தன. சட்டிச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் பெய்யும் மழையாகக் கேட்டது. வந்த வேலையை மறந்து சற்று நேரம் வாய்பிளந்து நின்றான்.

அடுத்த வீட்டு ஒப்துலியா அக்கா, வான்கோழிகளைப் போர்வையிலிருந்து விடுவித்தபடியே சட்டியும் தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஊக்கு கேட்டான். கேட்டதோடு விடாமல், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் கட்டினவள் ஓர் ஊக்கைக்கூடத் தர மறுக்கிறாளே, தனக்கு அவ்வளவுதானா மதிப்பு என்று கொட்டித் தீர்த்தான்.

அக்கா சட்டியைக் கீழே வைத்தாள்.

"அட மடப்பயலே, அதக் குத்திவிட்டதே நான்தான். இப்பவே சொன்னா நீ ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பேன்னுதான் அவ வாயத் தொறக்கல. கிரகணத்தன்னிக்கு எந்தப் பிள்ளைத்தாச்சிடா காவலுக்குக் குத்துன இடுப்பு ஊக்கக் கழட்டுவா?"