பொங்காத கேக்கும் கப்பல் அங்கிளும்

அன்றைக்குக் கப்பல் அங்கிளின் முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கூட்டிச் சொல்கிறேன், குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கதைக்கக் கூடாது. நான். என் மனைவி ரெஜினா. எதிர்வீட்டு ஃபரீனா ராத்தா. கீழ்வீட்டு மாலினி அக்கா. வெள்ளவத்தையில் கேக் கடை வைத்திருக்கும் ஒரு மிசிஸ். இத்தனை பேருக்கும் நடுவில், சவரம் செய்த முகமும் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டுமாக, ஒரு குற்றமும் அறியாத மனிதரைப் போல நின்ற கப்பல் அங்கிள். இவர்களில் கோபப்பட நியாயம் இருந்த ஒரே ஆள் நான். கோபப்பட விடப்படாத ஒரே ஆளும் நான்தான்.

கப்பல் அங்கிளின் வீட்டுக்குள் போன எந்தச் சாப்பாடும் போன உருவத்தில் வெளியே வந்ததாகக் கொட்டாஞ்சேனையில் சரித்திரம் கிடையாது. காலையில் மீன் பணிஸ் கொடுத்தால் பின்னேரம் கட்லட்டாக வரும். ராத்தா கொடுத்த புரியாணி மறுநாள் ரோல்ஸுக்குள் ஒளிந்திருந்தது. மாலினி அக்கா வருசப் பிறப்புக்குக் கொடுத்த கொக்கிஸ் பலகாரத்தை இடித்துத் தூளாக்கி, மீனில் பிரட்டிப் பொரித்து, அதை மாலினி அக்காவுக்கே கொடுத்துப் பாராட்டும் வாங்கியவர் அவர். தீபாவளி முறுக்கு சூப்பில் மிதந்ததை நான் இந்தக் கண்ணால் கண்டேன்.

"ஏன் அங்கிள் இப்படிச் செய்யிறீங்க?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"கப்பல்ல குப்பைத்தொட்டி இல்ல மகன்."

பாதி ஆயுளைக் கப்பல் குசினியில் சமையல்காரராகக் கழித்தவர். முதல் நாள் கேக், இரண்டாம் நாள் புடிங், மூன்றாம் நாள் அதுவே வேறு பெயரில் கப்டனின் மேசையில். அப்படித்தான் அவர் சொல்லுவார். கப்பலில் குப்பைத்தொட்டி இல்லாமல் இருக்குமா? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அது தெரியும். ஆனால் யார் போய் ஏறிப் பார்க்கிறது?

எங்கள் பிளட்ஸ் மாடிவீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெருநாளுக்கு ராத்தா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். வருசத்துக்கு மாலினி அக்கா வீட்டிலிருந்து பலகாரம். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, எங்கள் வீட்டிலிருந்து கேக். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் ஒரு வாழைப்பழமாவது வைத்துக் கொடுப்பார்கள். கப்பல் அங்கிளுக்கு வாழைப்பழம் வைப்பது மானக்கேடு. "கப்டனுக்குச் சமைச்சவன் வாழைப்பழம் வைக்கிறதா?" என்பார். அதனால் தகுந்த சாமான் கிடைக்கும்வரை தட்டையே கொடுக்க மாட்டார். அந்த வருடம் நத்தார் வரும்போது, பிளட்ஸில் பாதிப் பேரின் தட்டு அவருடைய அலுமாரியில் இருந்தது. ராத்தாவின் வீட்டில் விருந்தாளி வந்தால் மூடியில் சாப்பாடு போடுகிற நிலை.

இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் இழுக்கிறேன்.

அப்போது நான் பேக்கரியில் வேலை. மாவு பிசைந்து, சூட்டில் நின்று, இருபது வருடம். கடைசியில் ரெஜினாவின் தைரியத்தில் வீட்டிலேயே பிரவுனி செய்ய ஆரம்பித்தேன். தைரியம் அவளுடையது, பயம் முழுவதும் என்னுடையது. வெள்ளவத்தை மிசிஸுக்கு யாரோ சொல்லி, "இருபத்து நாலாம் திகதி பின்னேரம் கொட்டாஞ்சேனைப் பக்கம் வாறன். ருசி பாத்துப் பிடிச்சால் கடைக்குக் கிழமைக்குக் கிழமை எடுப்பன்" என்று போனில் சொல்லியிருந்தார். நானும் அந்தச் சந்தோசத்தில், முதலாளியிடம் ஜனவரியிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த ஒரு ட்ரே பிரவுனியில்தான் வீட்டு வாடகை, மகளின் டியூஷன், என் மானம் எல்லாம் இருந்தது.

இருபத்து நாலாம் திகதி காலையில் பிரவுனி இறங்கியது. சொன்னால் பெருமை என்பீர்கள், ஆனாலும் சொல்லுவேன். மேலே மெல்லிய தோல் கண்ணாடி மாதிரிப் பளபளத்து, அங்கங்கே வெடித்திருந்தது. நடுவில் ஈரம் நின்றது. பிரவுனி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உடனே கவலை தொடங்கியது. ஆறினால்தான் வெட்டலாம். ஆறும்வரை எங்கே வைப்பது? எங்கள் குசினியில் எறும்பு. பிரிஜ்ஜில் மீன் மணம். ரெஜினாவின் தங்கச்சி பிள்ளைகளோடு ஹெந்தளையிலிருந்து வருகிறாள், அந்தப் பிள்ளைகளுக்கு எறும்பு எவ்வளவோ மேல். கப்பல் அங்கிளின் வீட்டில்தான் மேசைக் கால் நாலும் தண்ணீர்ச் சிரட்டையில் நிற்கும். யாரும் உள்ளே போக மாட்டார்கள். ட்ரேயைத் துணியால் மூடி, கதவைத் தட்டிக் கொடுத்தேன்.

"அங்கிள், இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு அதற்கு மட்டும் பயம் வரவில்லை.

அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெரிய பரிதாபத்தோடு என் தோளில் தட்டி, "ஒண்டும் யோசிக்காத மகன். போ" என்றார்.

நானும் நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு, ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனேன். நத்தார்ச் சனம். வரிசையில் நின்று மெழுகுதிரி கொளுத்தி, "சாமி, அந்தப் பிரவுனிக்கு ஒரு குறையும் வரக் கூடாது" என்று மன்றாடினேன். அந்த நேரத்தில், அதே நேரத்தில், அந்த மனிதர் அதை உதிர்த்துக்கொண்டிருந்தார்!

திரும்பி வந்து கதவைத் தட்டினேன். மேசை முழுவதும் தட்டு. பிளட்ஸின் தட்டெல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமான்.

"அங்கிள், என்ட பிரவுனி எங்க?"

"எல்லாம் இருக்கு. ஒரு துணிக்கை கூட வெளிய போகல்ல" என்று கையை நீட்டிக் காட்டினார். "இது உருண்டை, ரம் போட்டது, மேல தேங்காய்ப்பூ. ஃபரீனா பிள்ளைட தட்டில ரம் இல்ல, தேன் மாதிரிக் கித்துள் பாணிதான். அதுக்கு வேற கரண்டி, வேற சட்டி, பயப்பட வேணாம். மாலினிக்குத் தயிரும் பாணியும், நடுவுல உன்ட கேக் தூள். இந்தக் கிளாஸ்ல இருக்கிறது பிஸ்கட் புடிங். பிஸ்கட்டுக்குப் பதிலா உன்ட கேக். கஜுவும் போட்டிருக்கு."

"ஏன் அங்கிள்? ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மகன், இதுல வெக்கம் என்ன? கேக் பொங்கல்ல. மேல வெடிச்சுப் போச்சு, நடுவுல வேகல்ல. நத்தாரும் அதுவுமா நீ துணியால மூடிக் கொண்டு வந்து குடுத்தவுடனே எனக்கு விளங்கிட்டு. எத்தனை கேக்க கப்டனுக்குத் தெரியாம நான் காப்பாத்தி இருக்கிறன்!"

பொங்கவில்லையாம்! இருபது வருடம் பேக்கரியில் நின்றவனுக்கு!

"அது பிரவுனி அங்கிள்! அது அப்படித்தான் இருக்கும்!"

"ஓம் ஓம்" என்றார், அழுகிற பிள்ளையைத் தேற்றுவது போல.

அதோடு விட்டாரா? அதற்குள் ராத்தாவையும் மாலினி அக்காவையும் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தார், அவர்களும் வந்துவிட்டார்கள். காணாமல் போன தன் தட்டைக் கண்ட சந்தோசத்தில் ராத்தா என்னிடம், "கவலப்படாதீங்க தம்பி, முதல்ல எல்லாருக்கும் கேக் அமுங்கித்தான் போகும். எனக்கும் எத்தன தரம் போயிருக்கு" என்றார். மாலினி அக்கா ஒரு கரண்டியை வாயில் போட்டு, "அனே மல்லி, ஹரி ரசய்!" என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவு ருசியாம். பிளட்ஸ் முழுக்க என் கேக் கெட்ட கதை போய்விட்டது, அதுவும் இரக்கத்தோடு. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்கிறது?

நான் வாயைத் திறந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"தம்பி வீடு இதுதானோ? கீழ கேட்டனான், மேல எண்டு சொன்னவை."

வெள்ளவத்தை மிசிஸ். மூச்சு வாங்கிக்கொண்டு, கைப்பையோடு.

ரெஜினா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வாங்க மிசிஸ், இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டவர் கப்பல் அங்கிள். நான் ஏதாவது சொல்ல முன்னமே ஒரு கிளாஸும் கரண்டியும் மிசிஸின் கையில் இருந்தது.

மிசிஸ் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். கிளாஸின் அடியைச் சுரண்டினார்.

"எனக்குப் பிரவுனியெல்லோ எண்டு சொன்னது?" என்றார்.

"அது வந்து மிசிஸ்..." என்றேன்.

"பிரவுனி இப்ப வெள்ளவத்தையில வீட்டுக்கு வீடு செய்யினம் தம்பி. கொண்டு வந்து தந்திட்டுப் போகினம், அது கண்ணாடிக்குள்ள இருந்து காயுது. இது வேற. இது ஆர் செய்தது?"

நாங்கள் எல்லாரும் கப்பல் அங்கிளைப் பார்த்தோம். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனைக் கூட நிறுத்தி வைத்துக் கஸ்டர்ட் கிண்டிய கதை சொல்லுகிற மனிதர். எந்தத் துறைமுகம், எந்தக் கப்டன், கப்டன் என்ன சொன்னான், கப்டனின் பெண்சாதி என்ன சொன்னாள்... இனிப் பொழுதுபட்டுவிடும் என்று ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

கப்பல் அங்கிள் என்னைப் பார்த்தார்.

"இவன்தான்" என்றார். "எனக்கு இனிப்பு வேலை சரிவராது மிசிஸ். நான் தட்டும் கிளாஸும் மட்டும்தான் குடுத்தன்."

அவர் வாழ்நாளில் சொன்ன பொய்களில் சின்னதும் அதுதான், பெரியதும் அதுதான். நான் மறுக்கப் போனேன். ரெஜினா கிள்ளிய இடம் சிவராத்திரி வரைக்கும் கறுத்திருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெள்ளவத்தைக் கடைக்குக் கிளாஸ் புடிங் போகிறது. அந்தப் புடிங்கில்தான் வீட்டு வாடகையும் டியூஷனும் ஓடுகிறது. ஆனால் நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். வியாழக்கிழமை தோறும் நான் ஒரு குறை சொல்ல முடியாத பிரவுனி செய்கிறேன். மேலே கண்ணாடித் தோல், நடுவில் ஈரம். அதை ஒரு ஆள் கண்ணால் காண முன்னம் என் கையாலேயே உதிர்க்கிறேன். இது என்ன தொழில்? எந்த ஊரில் இப்படி ஒரு அநியாயம் நடக்கும்? அன்றைக்குக் கொடுத்த ட்ரேயையும் அவர் இன்னும் தரவில்லை. கேட்டால், "வெறும் ட்ரேயாத் தாறதா? வைக்கிறதுக்கு ஒண்டு அம்பிடட்டும்" என்கிறார்.

இப்போது அவர் ஹெந்தளையில் மருமகளின் வீட்டில் இருக்கிறார். கண் அவ்வளவு தெரியாது. அடுப்புப் பக்கம் போக அந்தப் பிள்ளை விடுவதில்லை என்று பெரிய முறைப்பாடு. போன நத்தாருக்கு நானும் ரெஜினாவும் பஸ் ஏறிப் போனோம். ஒரு முழு ட்ரே, ஒரு மூலை உதிராத பிரவுனி, துணியால் மூடி. இந்த முறையாவது பிரவுனி என்றால் என்னவென்று காட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

அவர் துணியைத் தூக்கினார். முகத்தைக் கிட்டக் கொண்டு போனார். விரலால் மேலே தடவி, வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதே பழைய பரிதாபத்தோடு தலையை நிமிர்த்தினார்.

"இந்த முறையும் பொங்கல்லையா மகன்?"

சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. இத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவருடைய கை அதற்குள் சேர்ட்டுக் கையை முழங்கை வரை மடிக்கத் தொடங்கியிருந்தது. கண் குசினிப் பக்கம் போய்விட்டது.

"இல்ல அங்கிள்" என்றேன். "நீங்கதான் பாத்து ஏதாவது செய்யணும்."