தேன்வருக்கையும் சோமனின் நினைவுக்கல்லும்

பாறசாலை
23 ஜனவரி 1956

அன்புள்ள மருமகனும், ஓட்டக்காரன் சோமன் நினைவுக்கல் கமிட்டியின் காரியதரிசியுமான விஜயதாசுக்கு, மாமன் பொன்னுதாஸ் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் மாமி செல்லபாயும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இப்போது இல்லை.

உங்கள் கமிட்டி என் பலாப்பழத்தை இரண்டாம் முறை திருடிவிட்டது. முதல் முறை 1931-இல் சோமன் திருடினான். அதற்கு ஒரு மாதம் ஜெயிலில் இருந்தான். இப்போது சந்தியில் வைக்கப்போகும் கல்லில் "அப்பழுக்கற்ற வாழ்வு வாழ்ந்த ஓட்டவீரர்" என்று வெட்டத் தீர்மானித்து, நீங்கள் அந்தத் திருட்டையே திருடிவிட்டீர்கள். உங்களை எந்த ஜெயிலில் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெயில் பாராமல் வாசகசாலைக் கூட்டத்துக்கு வந்தேன். எனக்கு நாற்காலி போடவில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன். தலைவர் சதாசிவன் வாத்தியார், தமிழ் வாசகம் மேலே வருவதா மலையாள வாசகம் மேலே வருவதா என்று நாலாவது கூட்டமாக நடத்திக்கொண்டிருந்தார். நீ தமிழுக்காக மேசையைத் தட்டினாய். அதில் நான் உன் கட்சி. டெல்லியில் கோடு கிழிக்கிறவர்கள் தமிழ் ராஜ்யத்தின் எல்லையை விளவங்கோட்டோடு நிறுத்தி நம்மை மலையாளப் பக்கம் விட்டுவிட்டார்கள், கல்லிலாவது தமிழ் மேலே இருக்கட்டும். டீக்கடைப் பொன்னப்பன் மலையாளத்துக்காகப் பெஞ்சைத் தட்டினான். இந்தத் தட்டலில் ஒருவருக்கும் தோன்றவில்லை, மேலும் கீழுமாக வெட்டப்போவது ஒரே பொய்தான் என்று. எழுந்து என் பலாப்பழத்தைக் கேட்டேன். எழுந்து என்றால், ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"எனக்க சக்கை எங்கலே?"

"எந்தச் சக்கை பாட்டா?" என்றான் பொன்னப்பன்.

"சோமன் களவாண்ட சக்கை. கல்லுல அதைக் காணல்லியே."

"செத்தவனுக்க கல்லுல சக்கையா? நாளைக்குப் பிள்ளைய வாசிச்சா என்ன நினைக்கும்?"

"சக்கையச் சுமந்துட்டு இம்புட்டு ஓடினானான்னு நினைக்கும். வெறுந்தலையோட ஓட ஒனக்கும்தான் தெரியும்."

சதாசிவன் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "பொன்னுதாசே, இருபத்தஞ்சு வருசமாட்டு ஒரு சக்கைக்கு வழக்கா? அதுக்க கொட்டை முளைச்சு, மரமாகி, அதுவும் காய்ச்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நாலு கூட்டத்தில் தமிழனும் மலையாளியும் முதல் தடவையாக ஒற்றுமைப்பட்டது என்னைப் பார்த்துச் சிரித்ததில்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டி வை.

வேலியோரத்து மரம் தேன்வருக்கை. ஊர்ப் பலாவெல்லாம் பங்குனி தாண்டிப் பழுக்கும். இது தை மாதத்திலேயே ஒன்றே ஒன்று பழுத்துத் தரும். அந்த முதல் பழத்தைச் சபைக்கு நேர்ந்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் போகவேண்டியது. சனிக்கிழமை காலையில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுவிட்டு நிமிர்கிறேன், பழம் சோமன் தலையில் ஏறி வேலிக்கு அப்பால் போகிறது. அறுபது ராத்தல் இருக்கும். "எலே, நில்லு!" என்றேன். நிற்கவில்லை. நான் சைக்கிளில், அவன் காலில். உதியன்குளங்கரையில் சந்தைக்கூட்டம் அவனுக்கு விலகி வழிவிட்டது, எனக்கு விடவில்லை. அமரவிளைப் பாலம் வரை நாலு மைல், இடைவெளி இருபது கஜம் குறையவும் இல்லை கூடவும் இல்லை. பாலத்தில் என் சைக்கிள் செயின் கழன்று விழுந்தது. சோமன் திரும்பிப் பார்த்தான். பழத்தைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"செயின் போச்சா அண்ணே? கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று குந்தியிருந்து மாட்டித் தந்தான்.

"எனக்க சக்கையத் தாலே."

"அதுக்கு வழியில்லண்ணே. நீங்க சவுட்டுங்க" என்றான். சுவரில் இருந்த பழத்துக்குத் தலையைக் கொடுத்தான், ஓடினான். நானும் பெடலைச் சவுட்டினேன். பிடிக்க முடியவில்லை.

அவன் குந்தியிருந்தபோது பழத்தை எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அறுபது ராத்தலைத் தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். அங்கே இருந்த இன்னொரு ஆள் செயின் மாட்டிக்கொண்டிருந்தான்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டும் அந்த இன்னொரு ஆளைத்தான் கேட்டார், வேலியடியில் பழத்தை ஏற்றிவிட்டது யார் என்று. "ஒத்தைக்கு நானாக்கும் ஏமானே" என்றான் சோமன். ஒரு மாதம் கிடைத்தது. மாமி மூன்று நாள் என்னோடு பேசவில்லை, பழம் போன துக்கம். ஆனால் என் மனுவை வாசித்த ஒரு போலீஸ்காரர், சைக்கிளுக்குப் பிடிகொடுக்காத இந்தக் காலை விடக்கூடாது என்று, தண்டனை முடிந்த கையோடு அவனைத் திருவனந்தபுரம் பத்து மைல் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். மூன்று வருடம் அவன்தான் முதல். எனவே, அவன் ஓட்டத்துக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட் என் புகார் மனுவாக்கும். கழுத்தில் மெடலோடு வந்தபோதும் என் வீட்டு வாசலில் நின்று, "செயின் எப்படி அண்ணே? அக்காவுக்கு சுகம்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். நான் பதில் சொன்னதில்லை. போன கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டான். கடைசிவரை, திருடவில்லை என்று ஒருநாளும் அவன் சொல்லவில்லை. அவனே மறைக்காததை மறைக்க நீங்கள் யார்?

ஆகவே நீ அந்த வாசகத்தை அடித்துவிட்டு, "பொன்னுதாஸின் தேன்வருக்கையைத் திருடி, யாருடைய உதவியும் இன்றித் தலையில் ஏற்றி, சைக்கிள் துரத்த நாலு மைல் ஓடியவர், பின்பு மூன்று முறை முதல் பரிசு பெற்றவர்" என்று எழுத வேண்டும். சதாசிவன் வாத்தியார் அதை ஒரு சொல் குறையாமல் மலையாளத்தில் ஆக்க வேண்டும். பொன்னப்பன் பேசாமல் இருக்க வேண்டும்.

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் காப்பாராக. கல்லை நான் காத்துக்கொள்கிறேன்.

மாமன்,
பொன்னுதாஸ்

பி.கு.: உறையில் போடுமுன் வழக்கம்போல மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். 'யாருடைய உதவியும் இன்றி' என்ற இடத்தில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது பொய்யாக்கும். ஏத்திவிட்டது நான்."

"எதை?"

"சக்கைய. அமரவிளையில கெட்டிக்குடுத்த அவனுக்க தங்கச்சி சரோஜத்துக்கு அப்போ மாசம் ஏழு. சக்கை தின்ன ஆசைப்பட்டா. தையில வேற எங்க உண்டு? நான்தான் அறுத்து, தலையில ஏத்தி, 'சபைக்கு நேர்ந்த பழம், நான் தந்தேன்னு சொல்லாதே, ஓடு மக்கா'ன்னு விட்டேன். கோர்ட்டுக்கு வாறேன்னு சொல்லி அனுப்பினேன். வேண்டாங்கா, வீடு ரெண்டாயிரும்னுட்டான்."

"இருபத்தஞ்சு வருசம் எனக்கிட்ட சொல்லல்லியே?"

"நீங்க என்னைக்குப் பேச்சை நிறுத்தினீங்க, நான் சொல்ல?"

எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் மேலே கண்ட எதையும் செய்யவேண்டாம். 'அப்பழுக்கற்ற' என்பது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே, "செய்யாத திருட்டுக்கு ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவர், புகார் கொடுத்தவர் பொன்னுதாஸ்" என்று நீ சேர்க்க வேண்டும். வாத்தியார் மலையாளத்திலும் என் பெயரை விடாமல் எழுத வேண்டும். எந்த மொழி மேலே என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். கல்லை வாசித்துச் சிரிக்கிறவர்களுக்குப் பொன்னப்பன் டீ ஆற்றிக் கொடுக்கட்டும். இந்த வருடத்து முதல் பழம் ஏலத்துக்கு வராது என்று சபையில் நான் சொல்லிக்கொள்வேன். அது பழுத்து நிற்கிறது. மாமி ஏற்றிவிடுவாள், சைக்கிளில் கட்டி சரோஜத்தின் வீட்டுக்கு நானே கொண்டுபோவேன். செயின் இப்போதும் கழலுகிறது, பாலத்தில் மாட்டித்தர ஆளில்லை. ஆகையால் நீ சனிக்கிழமை காலையில் வந்து அதை இறுக்கித் தர வேண்டும்.