உள்ள எடம் கீது

திருத்தணியில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே "இடம் இல்லை" என்று சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் 'உள்ள போ' நைனாதான். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் அரக்கோணம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் இடது கையை மடித்து, இல்லாத தோல் பையை அணைத்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளியைப் பார்த்துவிட்டால் அவருக்கு உடம்பு பதறும்.

நான் இந்த ஊருக்கு வந்தது கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக. கௌரவ விரிவுரையாளர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். அந்த வருடம் கல்லூரியில் புதிதாக இரண்டு பாடப்பிரிவுகள் வந்திருந்தன, சாயங்கால ஷிஃப்ட் வேறு. ஆந்திரா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சென்னையில் வேலை பார்ப்பவர்கள், அங்கே வாடகை கட்ட முடியாமல் இங்கே குடிவந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போனார்கள். கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில் கரும்பு நின்ற இடமெல்லாம் கலர் கொடி நட்ட மனைகளாகிவிட்டன. எட்டு மணிக்குப் போனால் டிபன் கடையில் இட்லி இருக்காது, எட்டரைக்குப் போனால் சட்னியும் இருக்காது. ஊர் ஓரிடத்தில் நில்லாமல் கொதித்துக்கொண்டே இருந்தது.

இந்த லட்சணத்தில் நான் ஒரு பெட்டியோடு வீடு தேடிக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் ஒரு வீட்டு வாசலில் லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க போணும் சார்?"

"ரூம் தேடறேங்க. இங்க ஏதாவது..."

"ஏறு."

ஏறினேன். ஹாலில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான், ஒருவன் அவன் மேல் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தான். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏற்கெனவே எட்டுப் பேர் இருக்காங்களே..."

"வழியில நிக்காத சார். உள்ள போ, உள்ள போ. உள்ள எடம் கீது."

ஆச்சரியம் என்னவென்றால், இருந்தது. எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவர் ஒருவனை இடுப்பில் தட்டினார், இன்னொருவனைத் தோளில் தொட்டார், மூன்றாமவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை தெரிந்தது. விரிவுரையாளர் என்பதால் சாமி படத்துக்குக் கீழே, அவர் கணக்கில் டிரைவருக்குப் பின்சீட்டு, எனக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குப் போட்டி அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வீடே ஒரு பஸ். சமையலறைக்குப் பக்கத்தில் படுப்பவன் எஞ்சின் ஓரம். திண்டாடிக்கொண்டு மாடிப்படியில் படுப்பவன் ஃபுட்போர்டு. இருமல், ஜுரம் என்றால் மட்டும் ஜன்னல் சீட்டு. மற்றவர்களுக்கு ஜன்னலை அவர் கொடுத்ததே இல்லை. காலை ஆறரைக்குப் பாத்ரூம் வாசலில் விசிலோடு நிற்பார். ஒரு விசில் என்றால் உள்ளே இருப்பவர் முடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு விசில் என்றால் அடுத்தவர் போகலாம். "உள்ள கீறவரே, ஸ்டாப்பிங் வந்துருச்சி, எறங்குங்க!" என்ற குரல் நாலு வீடு தள்ளிக் கேட்கும். எதிர்வீட்டுக்காரர்கள் அந்த விசிலை வைத்துத்தான் பால் காய்ச்சினார்கள்.

யார் சட்டை யாருடையது என்பதே தெரியாது. ஒருநாள் அவசரத்தில் யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பாடம் நடத்தத் தொடங்கியபோது என் சட்டை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே பிதுங்கும். அப்போது மலைக்குப் போக வழியில்லாமல் நின்ற ஒரு குடும்பத்தையே காவடியோடு உள்ளே கூப்பிட்டுவிட்டார். காவடியை எங்கே வைப்பது என்று நாங்கள் விழித்தபோது, "லக்கேஜ் மேல போடு" என்று பரணைக் காட்டினார். இரண்டு நாள் மயிலிறகுக்குக் கீழே தூங்கினோம்.

ஒருநாள் அவர் என்னைக் கேட்டார். "காலேஜில இன்னா பாடம் சார் எடுக்கற?"

"பொருளாதாரம் நைனா. இப்ப மக்கள்தொகைப் பெருக்கம் நடத்தறேன்."

"அதுல இன்னா சொல்ற?"

"ஜனம் பெருகுது, அந்த அளவுக்கு எடம் பெருகலன்னு சொல்றேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் சார் சொன்னது? எல்லாம் படிக்கட்டுல நின்னுகினு எடம் இல்ல, எடம் இல்லன்னு கத்தறானுங்க. மெட்ராஸ் இன்னா? படிக்கட்டு. எல்லாம் அங்கயே தொங்கறான். நடுவுல கீறவன் நவுந்தா நூறு பேர் ஏறலாம். போய் உன் பசங்க கிட்ட சொல்லு."

சொன்னேன். பசங்களுக்கு நான் நடத்தியதிலேயே புரிந்த ஒரே பாடம் அதுதான்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் போட்டவர் நைனாவின் மனைவி. நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அந்த வீட்டில் அத்தைக்கென்று மிஞ்சியிருந்தது பின்கதவு ஓரம் ஒரு நாற்காலி போடும் இடம். மத்தியானம் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வார், சின்ன டிவியில் சீரியல் பார்ப்பார், சமயத்தில் ஒன்றுமே செய்யாமல் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஜூன் மாதம் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் இரும்புப் பெட்டியோடு ஒரு முதலாமாண்டு மாணவன் உட்கார்ந்திருந்தான். நாற்காலி கொய்யா மரத்தடியில் இருந்தது.

அத்தை சத்தம் போடவில்லை. ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் நைனா.

"அரக்கோணம். பொண்ணு வூட்டுக்கு."

"எப்ப வருவ?"

"கல்யாணம் ஆன நாள்லேந்து ஒன் பஸ்ஸுல நின்னுகினே வரேன் பாவா. எனக்குன்னு ஒரு சீட்டு காலியானா சொல்லி அனுப்பு. அப்ப வரேன்."

போய்விட்டார். நைனா தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை மட்டும் விசில் சத்தம் கேட்கவில்லை. பாத்ரூமுக்குள் போனவன் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

ஓர் இடம் காலியாக வேண்டும் என்றால் யாராவது ஓர் ஆளை இறக்க வேண்டும். சர்வீஸ் முழுக்க அவர் யாரையும் பாதியில் இறக்கிவிட்டதில்லை. ஆனாலும் முயற்சி செய்தார். ஒவ்வொருவனிடமும் போய்க் கனைத்துக்கொண்டு நிற்பார்.

"தம்பி, நீ எங்க எறங்கணும்?"

"இன்னும் ரெண்டு வருசம் இருக்குது நைனா."

"ஆங். சரி சரி, ஒக்காரு."

என்னிடமும் வந்தார். நான் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வயதான அம்மா ஒருவர் ஏறினால் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் தெரியுமே, அந்த மாதிரி. எங்களில் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. பசங்களை விடுங்கள், சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான் அங்கே. சாமி படத்துக்குக் கீழே அந்த இடத்தை நான் விடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவர் தினமும் மத்தியானம் அரக்கோணத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். காலியாக இருக்கிற பஸ்ஸிலும் உட்கார மாட்டாராம், கம்பியைப் பிடித்தபடி போய் வருவாராம். திரும்பும்போது கையில் ஒரு தூக்கு இருக்கும். எங்களுக்காக அத்தை கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்க் குழம்பு. ஆள் மட்டும் வரவில்லை.

"இன்னா சொன்னாங்க நைனா?"

"சீட்டு ஆச்சான்னு கேட்டா. ஆயிகினே கீதுன்னேன்."

இப்படியே ஒரு வருடம் ஓடியது. பிறகு சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்த பையனுக்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துக் கிளம்பினான். அவன் பெட்டி வாசலைத் தாண்டுவதற்குள் நைனா சுண்ணாம்பு வாளியோடு உள்ளே புகுந்துவிட்டார். வெள்ளை அடித்தார். கட்டில், நாற்காலி, டிவி எல்லாம் வந்தன. கடைசியில் தன் தோள் துண்டை எடுத்துக் கட்டிலின் மேல் போட்டார். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "துண்டுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று எத்தனையோ துண்டுகளை ரோட்டில் வீசியவர். இப்போது தானே துண்டு போட்டுவிட்டு அறை வாசலில் காவல் நின்றார். மறுநாள் நாலு மணி பஸ்ஸில் அத்தை வருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தது வினை. புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் கூலிக்காரர், கூட அவர் மகன். பையன் கையில் புது வாளி, புதுப் பாய்.

"ஐயா, பையன காலேஜில சேத்துட்டேன். தங்கறதுக்கு ஒரு எடம் கெடைக்குமாங்க? காலைலேந்து எல்லா வூட்டுலயும் கேட்டுப் பாத்துட்டேன்."

நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நைனாவின் வாயைப் பார்த்தோம். வாய் திறந்தது. "எட..." என்று ஆரம்பித்தார். வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு இன்னொரு தரம் முயன்றார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கடைசியில் கண்டக்டர்கள் காலம் காலமாகச் சொல்லும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டார்.

"பின்னாடி ஒண்ணு காலியா வருது. அதுல வாங்க."

வீட்டுக்குப் பின்னால் வீடு எப்படி வரும்? ஆனால் அந்தத் தகப்பனார் நம்பிவிட்டார். "சரிங்க ஐயா" என்று மகனைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிழலாகப் பார்த்து நின்றுகொண்டார். காத்திருக்கிறாராம்.

நைனா துடித்துப்போனார். கேட்டுக்கு ஓடுவார், அவர்களைப் பார்ப்பார், உள்ளே ஓடி வந்து கட்டிலில் இருக்கும் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வார், மறுபடி கட்டிலிலேயே போடுவார். மணி மூன்றரை. மூன்றே முக்கால். மூன்றாவது முறை துண்டு தோளுக்கு ஏறியபோது அது திரும்ப இறங்கவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டார்.

நான் எழுந்துவிட்டேன். "நைனா, அந்தத் துண்டக் கட்டில்ல போடுங்க. நான் எறங்கிக்கறேன். பையன என் எடத்துல ஒக்கார வைங்க."

"ஒன் ஸ்டாப்பிங் இன்னும் வரலியே சார்."

"வந்துருச்சி நைனா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு துண்டைக் கட்டிலில் போட்டார்.

நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தை வந்துவிட்டார். அறையைப் பார்த்தார். கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "யாருக்கு இது?" என்றார். "ஒனக்குத்தான்" என்றார் நைனா. அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று, திறக்கவில்லை. டிவி சத்தமும் இல்லை. நைனா பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"இன்னா பண்ற உள்ள?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா ஒக்காந்துகினு கீறேன். நீ போ பாவா."

நான் அன்றைக்கே பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் ஒரு டீக்கடை மாடிக்குப் போனேன். இப்போது அங்கேயே புதுக் குடியிருப்பில் இரண்டு அறையும் ஒரு ஹாலுமாக இருக்கிறேன். கௌரவ விரிவுரையாளருக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராததால் மூன்றுக்கும் நான் ஒருவன்தான். யாராவது பெல் அடித்தால் கதவைப் பாதி திறந்து, "என்ன வேணும்?" என்று கேட்கிற அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நைனாவையும் அத்தையையும் பார்த்தேன். நைனா விசாரித்தார்.

"வூடு எப்படி சார்?"

"ரெண்டு ரூம், ஒரு ஹால் நைனா."

"எத்தினி பேர் கீறீங்க?"

"நான் மட்டும்தான்."

நைனா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்க்கும் பார்வை.

"வந்துடு சார். இன்னிக்கே வந்துடு" என்றார் நைனா.

"ஆங், வாங்க சார். என் ரூம மட்டும் கேக்காதீங்க. மத்தபடி எங்க வேணா படுத்துக்கலாம்" என்றார் அத்தை.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் அறைக்குமாக நடக்கிறேன், நடப்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். இதைப் படிக்கிற பசங்க யாராவது அந்த வீட்டில் இருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கப்பா, நான் வருகிறேன்.