நான் ஓய்வு பெற்ற அன்று வந்த மலர்வளையம்

தொழில்முறையாக டென்னிஸ் ஆடினேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே கோப்பை எங்கே என்று வீட்டு அலமாரியைப் பார்க்கிறார்கள். இந்த விளையாட்டில் ஒரு போட்டிக்கு எத்தனை பேர் வந்தாலும் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். நான் அந்த மற்ற எல்லோரில் ஒருத்தி. (அதிலும் முதல் நாளே திரும்புகிறவள். ஓட்டல் அறையில் கொடுத்த சோப்பு கரைவதற்குள் பெட்டி கட்டிவிடுவேன்.)

பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சுரங்கத்தை மூடினார்கள். குடும்பம் பெங்களூருக்கு வந்து ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து வீட்டில் ஒட்டிக்கொண்டது. ஒரு டென்னிஸ் கிளப்பில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. பள்ளி விட்டதும் என்னையும் அங்கே கூட்டிப்போவார். அவர் கம்பத்தில் ஏறி பல்பு மாற்றும் நேரத்தில் நான் கீழே சுவரில் பந்தடிப்பேன். கிளப் கோச் அதைப் பார்த்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது முதலில் அந்தச் சுவர்தான். அதனால் சுவரைப் போலவே எனக்கும் பெரிய ஷாட் எதுவும் கிடையாது. வந்ததைத் திருப்பி அனுப்புவேன். அதை வைத்துக்கொண்டே பாங்காக், தாஷ்கண்ட் என்று சூட்கேஸ் சக்கரம் தேயத் தேய வருஷக்கணக்கில் சுற்றினேன்.

தோள்பட்டை போன பிறகு நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன். கடைசியாக, வளர்ந்த ஊரான பெங்களூரில் ஒரு போட்டி. உள்ளூர்ப் பெண் என்று இரக்கப்பட்டு, தரவரிசை பார்க்காமல் இடம் தரும் வைல்டு கார்டு கொடுத்தார்கள். முதல் சுற்றில் எனக்கு எதிராகக் குலுக்கலில் விழுந்தவள் தரவரிசையில் என்னைவிட வெகு மேலே இருந்த ஓர் ஐரோப்பியப் பெண். தோல்வியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்காமல் விடைபெறுவதற்குப் பயிற்சி எடுத்தேன். குனிந்து கோர்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, மட்டையை வலைமேல் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எல்லாம் கண்ணாடி முன் ஒத்திகை. (திரும்பிப் பார்க்காமல் நடப்பதைக் கண்ணாடி முன் எப்படி ஒத்திகை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.)

என் நம்பிக்கை வீட்டுக்கும் தொற்றியது. செவ்வாய்க்கிழமை நான் தோற்பேன் என்று கணக்குப்போட்டு, புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸ்ரீராம்புரத்தில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்து, எனக்கு ஓய்வு விழா ஏற்பாடு செய்தார் அப்பா.

செவ்வாய்க்கிழமை நான் ஜெயித்துவிட்டேன்.

வீரம் ஒன்றுமில்லை. பெங்களூர் மேட்டில் இருக்கிற ஊர். காற்று லேசு, பந்து பறக்கும். பழக்கமில்லாதவர்கள் அடித்தால் கோட்டைத் தாண்டிப் போய் விழும். அந்தப் பெண் ஓங்கி ஓங்கி வெளியே அடித்தாள். நான் சுவராக நின்றேன். ஆட்டம் முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நடுவர் கை தட்டினார். மறுநாள் ஹாலை என்ன செய்வது என்ற பயத்தில் அழுதேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் அடுத்த சுற்று நேரம் போட்டார்கள். புதன், காலை பதினோரு மணி. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, விழாவைத் தள்ளி வெச்சுக்கலாம்பா."

"எப்படிமா தள்றது? தங்கவயல்ல இருந்து எல்லாரும் காலைல ரயில் ஏறிடுவாங்க. பிரியாணிக்குச் சொல்லியாச்சு. நீ போய் வெளாடிட்டு வா. அதுவரிக்கும் நான் பாத்துக்கறேன்."

"நான் இல்லாம எனக்கு எதுக்குப்பா விழா?"

அப்பா சொன்னார். "சொரங்கம் மூடினப்ப எங்குளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்ப ஆளில்லமா. காலைல ஷிப்டுக்குப் போனேன், கேட்டு பூட்டிக் கெடந்துது. அவ்ளோதான். நீயாவது ஒரு மாலை போட்டுக்கினு வெளிய வரணும்."

முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

புதன்கிழமை என் வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டத்தை ஆடினேன். அதைப் பார்க்க என்னைச் சேர்ந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் என்னைக் கௌரவிக்கப் போயிருந்தார்கள். மூன்றாவது செட், ஆறுக்கு ஆறு என்று சமமாகி, டைபிரேக் வரை போய் மயிரிழையில் தோற்றேன். கோர்ட்டைத் தொட்டு ஒற்றிக்கொள்ள மறந்துவிட்டேன். மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, ஆடிய உடையோடு ஆட்டோ பிடித்தேன்.

அணைத்து வைத்திருந்த போனை ஆட்டோவில் போட்டால் அழைப்புகள் குவிந்து கிடந்தன. இவ்வளவு பேர் ஆட்டத்தைப் பார்த்தார்களா என்று மனம் பூரித்தது. முதல் செய்தியைத் திறந்தேன். 'ஆழ்ந்த இரங்கல்.' சரி, டைபிரேக்கில் போனது அவர்களுக்கும் வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்தது, 'நம்ப முடியவில்லை.' எனக்கும்தான். மூன்றாவது, 'குடும்பத்துக்கு ஆண்டவன் தைரியம் கொடுக்கட்டும்.' இரண்டாம் சுற்றுத் தோல்விக்கு இது அதிகமாயிற்றே என்று அப்போதுதான் லேசாக உறைத்தது.

ஹால் வாசலில் இறங்கினேன். என் படம் போட்ட பெரிய பேனர். மேலே இரண்டு வெள்ளைப் புறாக்கள். கீழே அப்பாவே யோசித்து எழுதிய வாசகம்: 'வனிதாவின் ஆட்டம் முடிந்தது. அன்புடன் விடை கொடுக்கிறோம்.' உள்ளே மேடை நாற்காலியில் என் படம், அதற்கு ஆளுயர ரோஜா மாலை. நான் வருவதற்குள் வாடிவிடக்கூடாது என்று அப்பாதான் படத்துக்குப் போட்டு வைத்திருந்தார். நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் சாவு வீட்டுப் பழக்கதோஷத்தில் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார். இதை யாரோ படமெடுத்து தங்கவயல் வாட்ஸப் குழுவில் போட, அது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது.

அப்பா பின்கட்டில், பாத்திரச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாமல், பிரியாணி தம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ரயிலில் வந்து இறங்கிய என் அத்தை பேனரைப் பார்த்திருக்கிறாள், படத்தைப் பார்த்திருக்கிறாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்தபோது அத்தை ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். (அதில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியவே தெரியாது.)

படத்துக்குப் பக்கத்தில், கையில் பெரிய மலர்வளையத்தோடு என் கோச் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். ஹாலில் ஒப்பாரி நின்றுவிட்டது. அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வாயில் முதலில் வந்தது, ஸ்கோர் என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் ஒரே கேள்விதான்.

"ஸ்கோர் ஏனாய்து?"

"மூணாவது செட் டைபிரேக்ல போச்சு சார்."

"பேக்ஹேண்டா?"

"ஆமா சார்."

"அதே தப்பு," என்றவர், மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தார். அத்தை எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

அம்மா வந்ததும் அந்த மாலையை நான் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். எனக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வை மட்டும் மிச்சம். அதை எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினேன்.

"எனுக்கு இன்னாத்துக்குமா?" என்றார்.

"கேட்டு தொறந்துகிச்சுபா. உக்காருங்க," என்றேன்.

ஊதுபத்தியை அணைத்துவிட்டு, என் படத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்தோம். பழைய சுரங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சால்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

இரங்கல் செய்திகள் பல நாள் வந்துகொண்டிருந்தன. ஆடிய காலத்தில் பத்திரிகையில் என்னைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. இப்போது தெரிந்தவர்கள் எல்லாம் அன்பாக எழுதினார்கள். அதில் ஒன்று, சின்ன வயதில் என்னிடம் அடிக்கடி தோற்ற பழைய எதிராளி ஒருத்தி எழுதியது. 'நடுவர் இல்லாத ஆட்டங்களில்கூட நான் அடித்துக் கோட்டில் விழுந்த பந்தைக் கோட்டில் விழுந்தது என்றுதான் சொல்வாள்.' கோப்பை வாங்கியிருந்தால் அதில் பெயர் மட்டும்தான் பொறித்திருப்பார்கள். நான் உயிரோடிருக்கிறேன் என்று அவளுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவ்வளவு நல்ல பேரைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

இப்போது பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில் குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் அந்த நாள் வந்தால் காலையிலேயே அப்பாவிடமிருந்து போன் வரும். "வனிதா, இன்னிக்கு உனுக்குத் தெவசம். இன்னா ஆக்கட்டும்?" என்று கேட்பார். மட்டன் பிரியாணி என்பேன். நேரில் போய் உட்கார்ந்து, என் படையலை நானே ஒரு பிடி பிடித்துவிட்டு வருவேன்.